கம்பு கீழே வரவில்லை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்கட்டண ரசீதில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். மற்றபடி தெருவுக்கும் உறவுக்கும், கட்டிய கணவனுக்கும்கூட அவள் டும்மு. பள்ளிக்கூட பேண்டில் பெரிய டிரம் அடித்ததால் வந்த பெயர். தோளில் வார் மாட்டி, வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் அடிப்பார்களே, அந்த டிரம்.

இப்போது அவளுக்குச் சொந்தமாகக் குஷன் பட்டறை இருக்கிறது. பேருந்து, வேன், கார் என்று எதன் இருக்கை கிழிந்தாலும் அவளிடம் வரும். பழைய உறையை உரித்து, நைந்துபோன ஃபோமை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டிப் போட்டு, ரெக்சின் இழுத்து ஆணி அடித்துக் கொடுப்பாள். அவள் இழுத்த ரெக்சினில் சுருக்கம் தேடினால் தேடுகிறவர் முகத்தில்தான் சுருக்கம் விழும்.

கணவனும் அதே பேண்டுதான். அவளுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதியவன். மாஸ்டர் அதற்கு சிம்பல் என்று பெயர் சொன்னார். பிள்ளைகள் ஜால்ரா என்றார்கள். பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. பெயருக்கேற்ப குணம் வந்ததா, குணத்தைப் பார்த்துப் பெயர் வந்ததா, யாருக்கும் தெரியாது. "இந்த சீட்டுக்குப் பச்சை போடலாமா, நீலம் போடலாமா?" என்று டும்மு கேட்டால், "நீ சொல்றதுதான்" என்பான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டவளும் அவள்தான். அவனுக்குத் தெரிந்த பதில் அந்த ஒன்றுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பேண்டு ஆட்களில் சிலர் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு ஒரு முழுப் பேருந்தின் இருக்கைகள் கழற்றி வந்து தரையில் வரிசையாக நின்றன. வந்தவர்கள் பழக்கதோஷத்தில் ஜோடி ஜோடியாக, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் இருப்பவர் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினார்களே தவிர, இருக்கையைத் திருப்பிப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லோரையும் கூப்பிட்டவள் பீப்பி. அந்தக் காலத்தில் கிளாரினெட் வாசித்தவள். இப்போது அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை.

"நம்ம ஸ்கூல்ல இப்ப இருக்கிற பேண்டு பசங்க முதல் தடவையா வெளியூருக்கு அணிவகுப்புக்குப் போறாங்க. போறதுக்கு முன்னாடி நம்ம கதையை யாராவது வந்து சொல்லணும்" என்றாள். "ஆனா அந்தக் கதை ஆளுக்கொரு மாதிரி இருக்கு. இன்னிக்கு உக்காந்து ஒரே கதையா ஆக்கிடுவோம். டும்முதான் பேசணும்."

"அவ எதுக்கு?" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது நெட்டை. பேண்டுக்கு முன்னால் கம்பு சுழற்றிக்கொண்டு நடந்தவன். இப்போது வீட்டு புரோக்கர். "கம்பு என்னோடது. அப்ப கதையும் என்னோடதுதானே?"

டும்மு ஒரு இருக்கையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஆணி வைத்திருந்தாள்.

அந்தக் கதை இதுதான்.

பள்ளியில் படித்த காலத்தில் டும்மு அதிகம் கேட்ட வார்த்தை "கொஞ்சம் தள்ளு." தண்ணீர்க் குழாயடியில், வகுப்புப் புகைப்படத்தில், பேருந்தில், எங்கே நின்றாலும் யாராவது வந்து அதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, கூச்ச சுபாவம். தள்ளித் தள்ளியே சுவரோடு சுவராகி விட்டிருந்தாள். பேண்டு ஆரம்பித்தபோது எல்லோரும் டிரம்பெட், புல்லாங்குழல் என்று பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அறையில் மிஞ்சியவை இரண்டு: அந்த டிரம்மும் அவளும்.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எல்லாம் போகட்டும், சின்னதா எதாவது கிடைக்கலையாடி உனக்கு?" என்றாள்.

பேண்டு மாஸ்டர் உண்மையில் பூகோள ஆசிரியர். ஆசிரியர் அறையில் நன்றாக விசிலடித்தார் என்பதற்காக அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பூமி சுற்றுவது. அதை வைத்தே பேண்டையும் நடத்தினார்.

"பூமி திடீர்னு நின்னா என்ன ஆகும்?" என்பார்.

"எல்லாரும் விழுந்துடுவோம் சார்."

"பேண்டும் அதே மாதிரிதான். ஒருத்தர் நின்னா அத்தனை பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவீங்க. அதனால நல்லா கேட்டுக்கோங்க. கம்பு மேல போய்க் கீழ வந்தாத்தான் பெரிய டிரம் நிக்கணும். பெரிய டிரம் நின்னாத்தான் மத்தவங்க நிக்கணும். இடையில இடியே விழுந்தாலும் நிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

கம்பு கீழே வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலே போன பொருள் கீழே வரும் என்பதையும் பூகோள வகுப்பிலேயே படித்திருந்தார்கள்.

தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதில் முதல் பாதி சுத்தமாக வரும். இரண்டாம் பாதியில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் வாயை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பகுதியில் கேட்பது டிரம்மும் ஜால்ராவும்தான். இந்த லட்சணத்தில், பெரிய நகரத்தில் நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான அணிவகுப்புக்கு அவர்களுக்கு அழைப்பு வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வேறு பள்ளிக்கு அனுப்பியது தப்பி வந்தது என்பது ஜால்ராவின் கருத்து. அதாவது, டும்முவின் கருத்து.

புறப்படுகிற அன்று காலை டிரம்மின் தோள்வார் அறுந்துபோனது. பேருந்து வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துத் தெருவில் குஷன் கடை ஒன்று இருந்தது. அதன் முதலாளியம்மா தடிமனான ஊசியும் பேருந்து இருக்கைக்குத் தைக்கும் நூலுமாக ஓடிவந்தாள்.

"கழட்டி வச்சுத் தைக்கிறதுக்கு நேரமில்லை. அப்படியே போட்டுக்கிட்டு அசையாம நில்லு கண்ணு" என்றாள்.

டும்மு நின்றாள். தோள்மேல் ஒரு தையல், முதுகில் குறுக்கே ஒரு தையல், இடுப்பைச் சுற்றி ஒன்று. முதலாளியம்மா பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்து, தன் வேலையை ஆசையோடு பார்த்தாள். "இனி பேருந்தே கவுந்தாலும் இது கழலாது."

சொன்னது சொன்னபடி பலித்தது. பேருந்தில் ஏறப் போனபோதுதான் தெரிந்தது, டிரம்மைக் கழற்றவே முடியவில்லை. பக்கிள் இருந்த இடத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தாள் அந்த அம்மா. முன்வாசலில் டிரம் நுழையவில்லை. சோபா ஏற்றுவதுபோல நாலைந்து பேர் பிடித்துப் பின்பக்க அவசரக் கதவு வழியாக அவளைச் சாய்த்து உள்ளே ஏற்றினார்கள்.

"வலிக்குதா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"இல்ல சார். கை மட்டும் வெளியில இருக்கு. போதும்."

நகரத்தில் பேருந்தை நிறுத்த அனுமதித்த இடத்துக்கும் அணிவகுப்பு மைதானத்துக்கும் இடையே நாலைந்து தெருக்கள். மாஸ்டர், பெயர் கொடுப்பதற்காக முன்கூட்டியே மைதானத்துக்குப் போய்விட்டார். பேண்டைச் சத்தம் போடாமல் நடத்திக் கூட்டிவருவது நெட்டையின் பொறுப்பு.

நடைபாதையில் வேடிக்கை பார்க்க ஜனங்கள் நின்றார்கள். ஜனங்களைக் கண்டதும் நெட்டைக்குக் கை துறுதுறுத்தது. "ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடலாம்" என்று கம்பை ஆட்டினான். பாட்டு ஆரம்பித்தது. முதல் தெருமுனையில், முதல் பாதி முடிகிற இடத்தில், அவன் வாழ்நாளிலேயே வீசாத உயரத்துக்குக் கம்பை வீசினான்.

டிரம்மை மாட்டிக்கொண்டால் டும்முவுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. டிரம்முக்கு மேலே இருக்கும் வானம் மட்டும்தான் தெரியும். அதனால் பேண்டிலேயே அவள் ஒருத்திதான் அந்தக் கம்பை முழுதாகப் பார்த்தாள். வெயிலில் பளபளத்துக்கொண்டு போனது. இரண்டாவது மாடி பால்கனிக்கு நேராகப் போய், ஒரு ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக்கொண்டு நின்றுவிட்டது.

நெட்டை ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு அந்தக் கட்டடத்துக்குள் ஓடினான்.

பேண்டு நடந்துகொண்டிருந்தது.

"கம்பு வந்துச்சா?" என்று டும்மு பக்கத்தில் கேட்டாள்.

"வரலை" என்றான் ஜால்ரா.

"சார் என்ன சொன்னார்?"

"வர்ற வரைக்கும் நிக்கக் கூடாதுன்னார்."

"அப்ப அடிக்கவா?"

"நீ சொல்றதுதான்."

அவள் அடித்தாள். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்தவள் பீப்பி. வழிகாட்ட ஆளில்லாமல் தவித்துக்கொண்டு வந்தவளுக்கு எதிரே ஒரு போக்குவரத்துக் காவலர் தெரிந்தார். அணிவகுப்புக்காகச் சாலையை மூடிவிட்டு, வருகிற கார்களையெல்லாம் இடது பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கையுறையைப் பார்த்ததும் பீப்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கை காட்டிய பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் பேண்டே திரும்பியது.

காவலர் கை காட்டியது ஒரு பல மாடிக் கார் நிறுத்தக் கட்டடத்துக்கு.

வாசலில் ஒரு கார் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக, தடுப்புக் கட்டை உயர்ந்திருந்தது. கட்டை இறங்குவதற்குள் அதன் கீழே பேண்டு புகுந்துகொண்டது. கூண்டுக்குள் இருந்த பார்க்கிங்காரர் வெளியே ஓடிவந்து, கூடவே நடந்தபடி கேட்டார்.

"வண்டி எங்கப்பா? உங்க வண்டி எங்க?"

டிரம்பெட் வாசிப்பவன் எப்படிப் பதில் சொல்வான்?

டும்முவுக்கு வானம் போய்க் கூரை வந்தது. அதிலேயே இடம் மாறிவிட்டது என்று புரிந்துகொண்டாள். ஆனால் சாய்வுப் பாதையில் ஏற ஏறத்தான் விபரீதம் தெரிந்தது. நான்கு பக்கமும் கான்கிரீட். திறந்த வெளியில் ‘டும்’ என்று கேட்கிற டிரம் அங்கே இடி விழுகிறாற்போல் இறங்கியது. அடித்த அடியில் நிறுத்தியிருந்த ஒரு காரின் அபாய மணி அலறியது. அடுத்த அடியில் அதன் பக்கத்துக் கார். ஒரு மாடி ஏறுவதற்குள் அந்த மாடியில் இருந்த அத்தனை கார்களும் விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிக் கூட வாசித்தன. இரண்டாம் பாதி வந்தபோது, பேண்டு விட்ட இடத்தையெல்லாம் கார்கள் நிரப்பின.

காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் பூகம்பம் என்று நினைத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். பேண்டைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி ஓரமாக ஒதுங்கி நின்றார். எதிரே இறங்கி வந்த கார்களும் ஒதுங்கின.

டும்முவுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. இவ்வளவு பெரிய கட்டடத்தில், இவ்வளவு குறுகிய பாதையில், ஒருவர்கூட அவளைத் தள்ளச் சொல்லவில்லை. அவளுக்காக மற்றவர்கள்தான் தள்ளி நின்றார்கள். அவள் இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தாள்.

பேண்டுக்குப் பின்னால், தாண்டிப் போக வழியில்லாமல், ஒரு நீளமான கருப்புக் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்தவர் அணிவகுப்பின் சிறப்பு விருந்தினர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. வெள்ளைச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், பக்கத்தில் மனைவி, பின்பெட்டியில் முதல் பரிசுக் கோப்பை. அவருடைய அணிவகுப்புக்காகவே சாலையை மூடியிருந்ததால், அவருடைய காரையும் அந்தக் காவலர் இடது பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.

எல்லா மாடியும் ஏறி முடித்தபின் மொட்டைமாடி வந்தது. அதற்கு மேல் பாதையில்லை. நிற்கவும் முடியாது. பீப்பி சமயோசிதமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றத் தொடங்கினாள். பேண்டு வட்டமாகச் சுற்றியது.

கருப்புக் காரும் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். மூச்சு வாங்க ஓடிவந்த பார்க்கிங்காரரிடம், "இங்கதானா?" என்று கேட்டார்.

காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பதாகப் பார்க்கிங்காரர் எடுத்துக்கொண்டார். "ஆமா சார், இங்கதான். வேற எங்கயும் இடமில்லை."

அதிகாரி அவ்வளவுதான் கேட்டார். தொப்பியைச் சரி செய்தார். சக்கரம் முட்டி நிற்பதற்காகக் கட்டியிருந்த சிறிய மேட்டின்மேல் ஏறி நின்றார். பேண்டு தன்னைக் கடந்தபோது கையை உயர்த்தி சல்யூட் வைத்தார்.

சல்யூட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது. அணி முழுதும் கடந்து போகும்வரை கையை இறக்கக் கூடாது. பேண்டோ வட்டமாகச் சுற்றுகிறது. கடைசி வரிசை அவரைத் தாண்டும்போது முதல் வரிசை மறுபடியும் வந்துவிடும். டிரம் நிற்காமல் பேண்டு நிற்காது. பேண்டு நிற்காமல் அவர் கை இறங்காது. கம்பு வராமல் டிரம் நிற்காது. கம்போ பல் மருத்துவரிடம் இருந்தது.

ஆமாம். நெட்டை ஓடி ஏறிய அந்த இரண்டாவது மாடி ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பில் இருந்த பெண், அவன் பேச வாயைத் திறப்பதற்கு முன்பே, "டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காருங்க" என்றாள்.

"இல்லக்கா, என் கம்பு பால்கனில—"

"எல்லாருக்கும் அவசரம்தான் தம்பி. உக்காருங்க."

பெரியவர்கள் சொன்னால் உட்கார்ந்து பழகிய பையன். இறகு வைத்த தொப்பியோடு உட்கார்ந்தான். முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். பால்கனி அந்த அறைக்குத்தான் பின்னால் இருந்தது. "டாக்டர், அங்க பாருங்க" என்று அவன் கை காட்ட, மருத்துவர் அவன் வாய்க்குள் பார்த்தார்.

"அடடா" என்றார். "நல்லவேளை இப்பவாவது வந்தே."

மொட்டைமாடியில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அதிகாரியின் கை நடுங்கத் தொடங்கியது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். மனைவி காரிலிருந்து ஒரு குடையை எடுத்துவந்து அவர் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தாள். "எப்ப முடியும்?" என்று பார்க்கிங்காரரைக் கேட்டாள். "சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும்மா" என்றார் அவர்.

ஒரு வழியாகப் படிக்கட்டுக் கதவு திறந்தது. பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நெட்டை வந்தான். கையில் கம்பு, கன்னத்தில் பஞ்சு, முகத்தில் பாதி மரத்துப்போயிருந்தது. "நில்" என்று கத்தப் பார்த்தான். "இழ்" என்று வந்தது. அதனால் கம்பை உயர்த்தினான், இம்முறை கையை விட்டுவிடாமல், பிறகு இறக்கினான்.

பேண்டு நின்றது. அதிகாரியின் கை தானாகவே கீழே விழுந்தது. கீழ் மாடிகளில் கார்கள் மட்டும் கொஞ்ச நேரம் அழுதுகொண்டிருந்தன.

அதிகாரி பேசினார். "எத்தனையோ அணிவகுப்பு பார்த்திருக்கேன். கப்பல்ல பார்த்திருக்கேன், கரையில பார்த்திருக்கேன். ஆனா விருந்தாளியை வழியெல்லாம் முன்னால நடந்து, மாடி ஏத்திக் கூட்டிட்டு வந்த பேண்டை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். என்ன ஒழுங்கு! என்ன பிடிவாதம்!" அவர் கண் கலங்கியிருந்தது. கை வலியாகவும் இருக்கலாம்.

"கோப்பையைக் குடுத்துட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் மனைவி.

பின்பெட்டியிலிருந்து கோப்பை வந்தது. நெட்டை கையை நீட்டினான். ஆனால் அதிகாரி நேராக டும்முவிடம் நடந்து, கோப்பையை டிரம்மின்மேல் வைத்தார். அவள் தாடையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. டிக்கெட் இல்லாமல் தடுப்புக் கட்டை உயராது என்று பார்க்கிங்காரர் சொல்லிவிட்டார். எல்லோரும் குனிந்து கட்டைக்கு அடியில் போய்விட்டார்கள். டிரம் குனியாது. கடைசியில் அதிகாரியின் காருக்கு இருந்த டிக்கெட்டைப் போட்டுக் கட்டையை உயர்த்தி, காருக்கு முன்னால் டும்முவை நடக்கவிட்டார்கள். காரே அவளுக்குத் துணையாக வந்ததுபோல் இருந்தது.

மைதானத்தில் இதெல்லாம் தெரியாமல் மற்ற பள்ளிக்காரர்கள் சிறப்பு விருந்தினருக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவ்வப்போது வானத்திலிருந்து பாட்டு ஒன்று கேட்டது. "யாரோட பேண்டு அது? எங்க இருந்து வருது?" என்று மற்ற மாஸ்டர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நம் மாஸ்டரும் அண்ணாந்து, "தெரியலையே" என்றார். ஆனால் அந்த இரண்டாம் பாதியை அவருக்குத் தெரியாதா?

திரும்பும்போது பேருந்தில் அவர் கோப்பையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "கடைசியில ரெண்டாவது பாதி நல்லா வந்துடுச்சு" என்றார். உண்மைதான். மாடி மாடியாகத் திரும்பத் திரும்ப வாசித்ததில் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது.

போட்டி நடத்தியவர்கள் கோப்பையைத் திரும்பக் கேட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். அதிகாரியோ, "நான் குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேறு கோப்பை வாங்கி மைதானத்தில் நடந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷ விதிகளில் ‘கட்டடங்களுக்குள் அணிவகுக்கக் கூடாது’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது.

டும்முவை ஊருக்கு வந்ததும் நேராகக் குஷன் கடைக்குத்தான் கூட்டிப்போனார்கள். முதலாளியம்மா அவளைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பிளேடு எடுத்துத் தையலைப் பிரித்தாள். ஒவ்வொரு முடிச்சாகப் பிரியப் பிரிய, டும்மு தோள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு அடிச்சும் ஒரு நூல்கூட விடலையே. இதை எப்படிப் போட்டீங்க?"

"கத்துக்கணுமா? நாளைக்கு வா."

போனாள். பள்ளி முடிந்தபிறகும் போனாள். அந்தக் கடையிலேயே தொழில் பழகி, பின்னால் தனியாகப் பட்டறை போட்டாள். அப்போது ஒரு உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆளாக அவளுக்கு ஒருவனைத்தான் தெரியும்.

கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இதையே அவர்கள் பங்கு பிரிக்க முடியாமல் மல்லுக்கட்டினார்கள்.

"நான் திரும்பினதாலதான் எல்லாமே நடந்துச்சு" என்றாள் பீப்பி.

"நீ தப்பாத் திரும்பினே. நான் வந்து நிறுத்தினதாலதான் அந்த மனுஷன் கை பிழைச்சுது" என்றான் நெட்டை. "நான் கம்பை இறக்கினேன், டிரம் நின்னுச்சு. கதையோட முடிவே நான்தான். என்னடா ஜால்ரா, சொல்லு."

பின் இருக்கையில் பழைய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஜால்ரா நிமிர்ந்தான்.

"இல்ல" என்றான்.

எல்லோரும் கழுத்தைத் திருப்பினார்கள். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. டும்முவே சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"கம்பு இறங்கினப்புறம் அவ இன்னும் ஒரு அடி அடிச்சா. நான் பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரியும்."

நெட்டை டும்முவைப் பார்த்தான். "அப்படியா?"

"ஆமா" என்றாள் டும்மு, வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு. "நிப்பாட்ட மனசு வரலை. கை அதுபாட்டுக்கு அடிச்சுடுச்சு."

நெட்டை கன்னத்தைத் தடவிக்கொண்டான். பிறகு, "சரி, பல்லு கதையையாவது விட்டுடாதே" என்றான்.

அடுத்த வாரம் டும்மு பள்ளிக்குப் போனாள். மேடையில் மைக்கைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். ஆனால் ஏசி பெட்டி வரைக்கும் வந்ததும் பேச்சு தன் பாட்டுக்கு ஓடியது. கார்கள் அலறியதையும் அதிகாரி கை நடுங்கியதையும் சொன்னாள். நெட்டை கேட்டுக்கொண்டதை மறக்காமல் பல்லையும் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஏதோ ஒன்று அவர்கள் மனதை அரித்துக்கொண்டே இருப்பது முகத்தில் தெரிந்தது. முடித்ததும் முதல் வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"டிரம்மைக் கழட்டவே முடியலைன்னீங்களே ஆன்ட்டி. அப்ப பாத்ரூமுக்கு எப்படிப் போனீங்க?"

அரங்கமே முன்னால் சாய்ந்தது. அத்தனை பேரும் அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தார்கள் என்று டும்முவுக்குப் புரிந்தது. மேடை ஓரத்தில் தலைமை ஆசிரியை பீப்பி வேகமாகத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று சாடை காட்டினாள்.

"வர்ற வழியில பெட்ரோல் பங்கு ஒண்ணு இருந்துச்சு" என்றாள் டும்மு. "நான் உள்ள போயிட்டேன். டிரம் உள்ள வரலை. கதவைச் சாத்த முடியலை. அதனால நான் வாசல் பக்கம் பார்த்து உக்காந்துக்கிட்டேன். டிரம்தான் கதவு. வெளியில வரிசையில நின்ன ஒரு அம்மா வந்து அதைத் தட்டினாங்க. தட்டினா சத்தம் எப்படி வரும்? அந்தத் தெருவே திரும்பிப் பார்த்துச்சு. அப்ப உங்க ஹெட்மாஸ்டரம்மாதான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு முன்னால நின்னு, ‘உள்ள ஆள் இருக்காங்க, உள்ள ஆள் இருக்காங்க’ன்னு—"

பீப்பி ஓடிவந்து மைக்கை அணைத்தாள். அரங்கத்துக்கு மைக் தேவைப்படவில்லை. அந்த மொட்டைமாடிக்குப் பிறகு டும்முவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.